18,000 ரூபாய்க்குப் பூட்டுப் படம் வாங்குவதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: செக்கு எண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் விற்கும் சொந்தத் தளம், வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் என்ற கடைப் பிளகின் (கூடுதல் நிரல்) போட்டு ஓடுகிறது. வருகிறவர்கள் கூடையில் பொருளைப் போடுகிறார்கள், பணம் கட்டும் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். சிலர் வாட்ஸ்அப்பில் வந்து "கேஷ் ஆன் டெலிவரி உண்டா?" என்கிறார்கள். தளம் கட்டிக்கொடுத்தவர் விலை உயர்ந்த எஸ்எஸ்எல் சான்றிதழ், கூடவே 'பாதுகாப்பான தளம்' என்ற முத்திரை, இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? கேட்டது சான்றிதழைப் பற்றி. ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு: முன்பின் தெரியாத ஒருவர் உங்களிடம் பணம் கட்டத் தயங்குவது எதனால், அதில் எவ்வளவு தூரம் பாதுகாப்பு ஏற்பாடுகளால் சரியாகும்?

முதலில் சான்றிதழ்: வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருவதும், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவதும், உலாவிக்கும் சர்வருக்கும் நடுவே போகும் தகவலை ஒரே மாதிரிதான் மறையாக்கம் செய்கின்றன (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுகின்றன). வித்தியாசம், சான்றிதழ் தருகிறவர் உங்களைப் பற்றி எவ்வளவு விசாரித்தார் என்பதில்தான். இலவசத்தில் டொமைன் (தளத்தின் பெயர்) உங்கள் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். விலை உயர்ந்ததில் நிறுவனப் பதிவு, முகவரி எல்லாம் சரிபார்ப்பார்கள். அந்த விசாரணையின் பலன் ஒரு காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தது, முகவரிப் பட்டையில் நிறுவனப் பெயர் பச்சையில் வரும். 2019-இல் குரோம் 77, ஃபயர்ஃபாக்ஸ் 70 பதிப்புகளோடு அது போய்விட்டது. 2023-இல் குரோம் 117 முகவரிப் பட்டையின் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது. பூட்டைப் பார்த்து 'நல்ல கடை' என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள், மோசடித் தளங்களும் அதே பூட்டோடு வந்தன என்பதுதான் காரணம். பூட்டு சொல்வதெல்லாம், வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்பது மட்டுமே. கடிதம் ஒட்டிய உறையில் போகிறது. கடிதத்தைப் பெறுகிறவர் யோக்கியமானவரா என்பது உறைக்குத் தெரியாது.

முத்திரைப் படம் அதைவிட மோசம். யார் வேண்டுமானாலும் அதைச் சேமித்துத் தன் தளத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அது விற்பனையைக் கூட்டுமா என்பதற்கு உறுதியான பதில் கிடையாது, கடைக்குக் கடை மாறும். பாதுகாப்பைக் கூட்டாது என்பது உறுதி.

சான்றிதழில் கவனிக்க வேண்டியது விலையை அல்ல, புதுப்பித்தலை. 2026 மார்ச் 15 முதல் தரப்படும் எந்தச் சான்றிதழும் அதிகபட்சம் 200 நாள்தான்; 2027 மார்ச்சில் அது 100 நாளாகும், 2029 மார்ச்சில் 47 நாள். ஆண்டுக்கொரு முறை ஆள் வந்து கையால் போட்டுவிட்டுப் போகும் வேலை இனி ஓடாது, தானாகப் புதுப்பிக்கிற ஏற்பாடு வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. போர்ட் என்பது சர்வரில் எண்ணிட்ட வாசல்; மறையாக்கத்தோடு ஓடும் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு 443, மறையாக்கம் இல்லாத பழைய முறைக்கு 80. 'ஹெச்டிடிபிஎஸ் வந்துவிட்டதே, பழைய 80-ஆம் போர்ட் எதற்கு' என்று ஃபயர்வாலில் அதை மூடிவிடுவார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். பெரும்பாலான அமைப்புகளில் புதுப்பிக்கும் முன் சரிபார்க்க வருவது அந்த 80 வழியாகத்தான். கதவு மூடியிருப்பதால் புதுப்பித்தல் சத்தமில்லாமல் தோற்கும். ஒரு நாள் காலையில் 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று முழுத் திரையில் எச்சரிக்கை வரும். முன்பெல்லாம் காலாவதியாகப் போகிறது என்று மின்னஞ்சலாவது வந்தது, 2025 ஜூனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். 80-ஐத் திறந்தே வைத்து, வருகிறவர்களை 443-க்குத் திருப்பிவிடுங்கள். காலாவதித் தேதியைக் கவனித்துச் சொல்லும் இலவசச் சேவை ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டு இருந்தும் வீடு கொள்ளை போகும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ். பணம் கட்டும் பக்கம் ஹெச்டிடிபிஎஸ்ஸில்தான் ஓடியது. அந்தப் பக்கம் இழுத்துவரும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றில் 22 வரி சேர்க்கப்பட்டிருந்தது. 'பணம் கட்டு' பொத்தானை அழுத்தியதும், கார்டு விவரம் நிறுவனத்துக்கும் போனது, அதைப் போலவே பெயர் வைத்த வேறொரு டொமைனுக்கும் போனது. அந்தப் போலி டொமைனிலும் முறையான சான்றிதழ் இருந்தது! இரண்டு வாரம் போல யாருக்கும் தெரியவில்லை, வெளியாள் ஒருவர் சொல்லித்தான் நிறுவனத்துக்கே தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். 2020-இல் பிரிட்டன் தகவல் ஆணையர் அலுவலகம் விதித்த அபராதம் 2 கோடி பவுண்டு. திருடர்கள் நுழைந்த வழி இன்னும் சாதாரணமானது. வெளி ஒப்பந்த நிறுவன ஊழியர் ஒருவரின் ரிமோட் கணக்கு, அதில் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு இல்லை.

உங்கள் தளத்தில் இதற்கு இணையான ஆபத்து, ஓசியில் கிடைத்த 'கிராக்' செய்த தீமும் பிளகினும்தான். பணம் கட்டும் பக்கத்தில் எத்தனை வெளி ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்: சாட் பெட்டி, விளம்பரப் பிக்சல், பாப்-அப், ஹீட்மேப். அந்தப் பக்கத்தில் கேட்வேயை, அதாவது பணம் வாங்கித் தரும் சேவையைத் தவிர வேறு எதற்கும் வேலை இல்லை. விளம்பரக் கணக்குக்குப் பிக்சல் கட்டாயம் என்றால், ஆர்டர் முடிந்தபின் வரும் நன்றிப் பக்கத்தில் வைக்கலாம். கார்டு எண்ணை உங்கள் பக்கத்திலேயே வாங்கும் வடிவத்தைத் தொடாதீர்கள். கேட்வேயின் சொந்தப் பக்கத்துக்கோ, அவர்கள் திறக்கும் பெட்டிக்கோ அனுப்பிவிடுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி விற்பவர் கார்டு எண்ணைச் சேமிக்கவே கூடாது, அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்தான்.

இனி, நம்பிக்கை உண்மையில் உடையும் இடம். வாடிக்கையாளர் யாரும் உங்கள் மறையாக்க முறையைச் சோதிப்பதில்லை. "பணம் போயிடுச்சு, ஆர்டர் வரலை" என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் போதும், அந்தக் குழுவில் உங்கள் கடை முடிந்தது. இது நடப்பது இப்படி: வாங்குகிறவர் யுபிஐ செயலியில் பின் போடுகிறார், பணம் கழிகிறது, உலாவிக்குத் திரும்பாமல் அப்படியே போனை வைத்துவிடுகிறார். திரும்பி வந்தால்தான் ஆர்டர் உறுதி என்று உங்கள் தளம் காத்திருந்தால், அது 'நிலுவை'யிலேயே கிடக்கும். இதற்காகத்தான் கேட்வே தன் சர்வரிலிருந்து உங்கள் சர்வருக்கு நேரடியாகச் சொல்லும் வெப்ஹுக் இருக்கிறது. அதைக் கட்டாயம் இயக்குங்கள். வேடிக்கை என்னவென்றால், பல தளங்களில் அந்த வெப்ஹுக்கைத் தடுப்பதே பாதுகாப்புப் பிளகின்தான். மனிதர் அல்லாத ஒன்று 'போஸ்ட்' முறையில் தகவல் அனுப்புகிறது, இது பாட் (தானியங்கி நிரல்) என்று கிளவுட்ஃபிளேர் என்ற காவல் சேவையோ ஃபயர்வால் பிளகினோ திருப்பி அனுப்பிவிடும். கேட்வேயின் டாஷ்போர்டில் வெப்ஹுக் பதிவைத் திறந்து, 403 (அனுமதி மறுப்பு) என்று வரிசையாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பாட் சோதனையிலிருந்தும், பக்கத்தைச் சேமித்து வைத்துத் தரும் 'கேச்சி'லிருந்தும் விலக்குக் கொடுங்கள்.

விலக்குக் கொடுத்த கதவில் காவல் வேண்டுமே, அதுதான் கையொப்பச் சரிபார்ப்பு. கேட்வே அனுப்பும் ஒவ்வொரு செய்தியோடும், உங்களுக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவியால் கணக்கிட்ட ஹெச்மேக் கையொப்பம் வரும். அதை உங்கள் சர்வர் தானும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும், பொருந்தாவிட்டால் தள்ளிவிட வேண்டும். பிரபலமான கேட்வேக்களின் அதிகாரபூர்வப் பிளகின்கள் இதைச் செய்துவிடும். உள்ளூரில் கையால் எழுதிச் சேர்த்த இணைப்புகளில்தான் விட்டுப்போகும். அங்கே இன்னொரு ஓட்டையும் இருக்கும்: தொகையை உலாவியிலிருந்து எடுப்பது. இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் 1,240 ரூபாய் என்றால் கேட்வேக்குப் போகும் எண் 1,24,000 பைசா. அந்த எண் பக்கத்திலேயே கிடந்தால், உலாவியின் டெவலப்பர் பகுதியைத் திறந்து அதை 100 என்று மாற்றி, ஒரு ரூபாய் கட்டிவிட்டு 'வெற்றி' என்று திரும்பி வர முடியும். தளம் அதை முழு ஆர்டராகவே குறித்துக்கொள்ளும். சர்வர்தான் விலையைக் கூட்டிக் கேட்வேயில் ஆர்டரை உருவாக்க வேண்டும்; பணம் வந்ததும், வந்த தொகையும் ஆர்டர் தொகையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வெப்ஹுக் ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்புவதும் சகஜம். பணப்பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்து, இரண்டாம் முறை வருவதைப் புறக்கணிக்காவிட்டால் ஒரே பார்சல் இரண்டு முறை போகும். பணம் கட்டித் திரும்பியதும் கூடை காலியாகி, வாடிக்கையாளர் லாக்-அவுட் ஆகி நிற்கிறாரா? கேட்வே போஸ்ட் முறையில் திருப்பி அனுப்பும்போது லாகினை நினைவில் வைக்கும் குக்கி, சேம்சைட் 'லேக்ஸ்' (வேறு தளத்திலிருந்து வரும்போது கட்டுப்பாடு) என்று குறித்திருந்தால் உடன் வராது, அதன் விளைவு இது. குக்கியைத் தளர்த்துவதைவிட, ஆர்டர் எண்ணையும் கையொப்பத்தையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது பெரிய உடைசல், முகவரிக் கசிவு. நெட்வொர்க் பாதுகாப்பு என்றதும் யாரும் இதை நினைப்பதில்லை, ஆனால் என் கணக்கில் சிறு கடைகளுக்கு இதுதான் முதல் எதிரி. இன்று இரவே செய்து பாருங்கள். உலாவியில் தனிப்பட்ட சாளரம் திறந்து, லாகின் செய்யாமல், உங்கள் ஆர்டர் டிராக்கிங் பக்கத்தில் உங்கள் சொந்த ஆர்டர் 1043-ஐப் பாருங்கள். முகவரிப் பட்டையில் 1043-ஐ 1044 ஆக்கி என்ட்டர் தட்டுங்கள். அடுத்தவர் பெயர், போன் எண், வீட்டு முகவரி, என்ன வாங்கினார் என்பதெல்லாம் வந்து நின்றால், ஒருவன் 1 முதல் 5000 வரை ஓடவிட்டு உங்கள் மொத்த வாடிக்கையாளர் பட்டியலையும் ஒரு மணி நேரத்தில் அள்ளலாம். வூகாமர்ஸின் சொந்த நன்றிப் பக்கத்தில் ஆர்டர் எண்ணோடு ஒரு நீண்ட சாவியும் இருக்கும், அதனால் இப்படி ஊகிக்க முடியாது. தனியாகச் சேர்த்த டிராக்கிங் பிளகின், பில் பிடிஎஃப் பிளகின் ஆகியவற்றில்தான் சிக்கல். 'அப்லோட்ஸ்' கோப்புறைக்குள் பில் பிடிஎஃப்களும், எப்போதோ ஏற்றுமதி செய்த ஆர்டர் பட்டியல் கோப்பும் (சிஎஸ்வி) பொதுவெளியில் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இந்தத் தகவல் கசிந்தபின் நடப்பது தெரிந்த கதை. "உங்க எண்ணெய் பார்சல் வந்திருக்கு, முகவரி தவறா இருக்கு, 5 ரூபா கட்டினா மறுபடி அனுப்புவோம்" என்று போன் வரும். பொருளின் பெயர் வரை சரியாகச் சொல்வதால் நம்பி லிங்க்கைத் தட்டுவார்கள். கணக்கு காலியானபின் அவர்கள் திட்டுவது உங்களை.

கடைக்குள்ளேயும் வாருங்கள். அட்மின் கணக்கு உங்களுக்கு ஒன்று. பேக்கிங், பில் பார்க்கிறவர்களுக்கு 'ஷாப் மேனேஜர்' அளவு போதும். தளம் கட்டியவரின் கணக்கை வேலை இல்லாத நாளில் முடக்கி வையுங்கள். இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ் ஓடிபியாக வைக்காமல் ஆத்தென்டிகேட்டர் செயலியில் வையுங்கள், சிம்மை மாற்றி எடுத்துவிட்டால் எஸ்எம்எஸ் போச்சு. ஆனால் அதுவும் முழுக் காப்பு இல்லை. பில் போடும் கணினியில் கிராக் செய்த மென்பொருள் இருந்தால், அதோடு வரும் திருட்டு நிரல் உலாவியில் லாகின் ஆகியிருக்கும் குக்கியையே எடுத்துப் போய்விடும். பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. அந்தக் கணினியில் பிள்ளைகள் கேம் இறக்க வேண்டாம் என்பது சும்மா சொல்வதல்ல. ரவுட்டரில் பெட்டியோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ்ஸையும் (பாஸ்வேர்ட் தட்டாமல் பொத்தானில் இணைக்கும் வசதி) வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணையுங்கள், கடைக்கு வருகிறவர்களுக்கு விருந்தினர் வைஃபை தனியாகக் கொடுங்கள். வீட்டிலிருந்து பில் கணினியைப் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தால் இன்றே மூடுங்கள், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழையப் பழகிய வாசல் அது. சர்வரில் 3306 போன்ற தரவுத்தள போர்ட் வெளியே தெரியக் கூடாது. பேக்கப் அதே சர்வரில் இருந்தால் அது பேக்கப் இல்லை. வேறிடத்தில் தினம் ஒன்று, மாதத்துக்கு ஒரு முறை அதைத் திருப்பி ஏற்றிப் பார்க்கும் சோதனை, இரண்டும் வேண்டும்.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது? நிறைய கடைகளில் தளம் கட்டியவரின் மின்னஞ்சலில் இருக்கும். மனத்தாங்கல் வந்த நாளில் கடைப் பெயரே கையை விட்டுப் போகும். உங்கள் கணக்குக்கு மாற்றி, டிரான்ஸ்ஃபர் பூட்டும் தானாகப் புதுப்பித்தலும் போடுங்கள். உங்கள் பெயரில் போலி மின்னஞ்சல் போகாமலிருக்க டிஎன்எஸ்ஸில் (டொமைனின் பதிவேடு) எஸ்பிஎஃப் (யார் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (அஞ்சலின் கையொப்பம்), டிமார்க் (இவை பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்ற விதி) மூன்றும் தேவை. டிமார்க்கை எடுத்ததும் 'ரிஜெக்ட்' என்று வைத்தால், நியூஸ்லெட்டர் சேவையிலிருந்து போகும் உங்கள் சொந்த அஞ்சலே திரும்பும். சில வாரம் 'நன்' (எதையும் தடுக்காதே) என்று வைத்து அறிக்கைகளைப் பார்த்து, விட்டுப்போனவற்றைச் சேர்த்து, பிறகு 'குவாரன்டைன்' (ஸ்பேமில் போடு), அதன்பின் 'ரிஜெக்ட்' என்று ஏறுங்கள். எஸ்பிஎஃப்பைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் மொத்தமும் செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும். வாட்ஸ்அப் பிசினஸில் 6 இலக்க இரண்டடுக்கு பின்னைப் போட்டு, இணைத்த சாதனங்களை அவ்வப்போது பாருங்கள்.

இவ்வளவும் வாடிக்கையாளர் கண்ணில் படாதவை. கண்ணில் படுவதற்குச் செலவே இல்லை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி நிறுவனத்தின் சட்டப்பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலர் பெயர் தளத்தில் இருக்க வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்தில் 'கிடைத்தது' என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண்ணை அடிப்பகுதியில் போடுங்கள், சந்தேகப்படுகிறவர் அந்த எண்ணை அரசுத் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். வாங்கிய முத்திரையை அப்படிச் சரிபார்க்க முடியாது. பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே இரண்டு வரி: "ஓடிபியோ யுபிஐ பின்னோ நாங்கள் கேட்க மாட்டோம். டெலிவரிக்குத் தனியாகப் பணம் கட்டச் சொல்லி லிங்க் அனுப்ப மாட்டோம். எங்கள் எண் இது ஒன்றுதான்." பணம் திரும்பப் பெற பின் போடத் தேவையே இல்லை என்பதையும் சேர்க்கலாம். இவையெல்லாம் செய்தபின்னும் சிலர் கேஷ் ஆன் டெலிவரிதான் கேட்பார்கள். எண்ணெயை முகர்ந்து பார்க்காமல் காசு கொடுக்க மனம் வராதவர்கள் அவர்கள், ஃபயர்வாலால் அந்தத் தயக்கம் தீராது. அவர்களுக்காக 200 மில்லி பாட்டில் ஒன்றைக் கேஷ் ஆன் டெலிவரியில் வைத்துப் பார்க்கலாம்; எடுபடுமா என்பது விற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக, ஏதாவது நடந்துவிட்டால். பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவதுதான் முதல் தவறு, எப்படி நுழைந்தான் என்ற தடயமும் அதோடு போகும். முதலில் சர்வரை அப்படியே பிரதி எடுங்கள். தளத்தைப் பராமரிப்பு நிலையில் வையுங்கள். கேட்வேயின் ரகசியச் சாவி, தரவுத்தள பாஸ்வேர்ட், வேர்ட்பிரஸின் ரகசியச் சாவிகள் மூன்றையும் மாற்றுங்கள்; கடைசியில் சொன்னதை மாற்றினால், உள்ளே லாகின் ஆகியிருக்கும் எல்லோரும், திருடன் உட்பட, வெளியே தள்ளப்படுவார்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பல ஹோஸ்டிங்குகளில் பதிவு சில நாளில் அழிந்துவிடும், இப்போதே கேட்டு நீட்டிக்கொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்புகள் உங்கள் அளவுக் கடைக்கு எப்படிப் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்பதே சரி, அது இந்தப் பதிலின் எல்லைக்கு வெளியே. பணம் இழந்த வாடிக்கையாளர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும், பணம் கை மாறிப் போகும் முன் நிறுத்த அதுவே வழி. அன்று மாலைக்குள் எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்புங்கள்: "மார்ச் 3 முதல் 9 வரை ஆர்டர் செய்தவர்களின் பெயர், முகவரி, போன் எண் வெளியே போயிருக்கிறது. கார்டு விவரம் எங்களிடம் இல்லை, அது போகவில்லை. எங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்." தேதியும், எது போனது, எது போகவில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும்.